தகடு வெட்ட விடாத மைஸ்டர்

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், ஜெர்மனியில் எங்கள் எதிர்வீட்டுக்கு வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பு, முகத்தில் ரப்பர் மூடி. தெருவின் ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்தார்கள். அந்த வீட்டின் மேற்குச் சுவரில் போர்த்தியிருந்த சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியில் அடுக்கினார்கள். நான் சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகடுகளை அங்கே அடித்தவர்களில் நானும் ஒருவன்.

மதியம் அவர்களில் ஓர் இளைஞன் மூடியைக் கழற்றிவிட்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். பேச்சுக் கொடுத்தேன். நானும் இதே தொழில் என்று சொன்னதும் அவன் என் கைகளைத்தான் முதலில் பார்த்தான். வெறுங்கையால் இதை எடுத்தீர்களா, உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா என்று கேட்டான். சொன்னார்கள் என்று சொல்வதா, சொல்லவில்லை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். என் மனைவி, "ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்விக்கு இப்படி முழிக்கிறீங்களே" என்றாள். எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் திருச்செந்தூருக்குப் பக்கத்திலிருந்து எங்கள் சபையார் என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். கட்டடத் தொழில் ஒன்றைக் கற்றுத் திரும்பி, ஊரில் தொடங்கப்போகும் தொழிற்பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கொத்தனார் வேலை கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். பான் நகருக்கு எதிரே, ரைன் நதிக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே சொல்லிக் கொடுத்தது சுவருக்குச் சட்டை போடும் வேலை.

சுவர் என்பதே மறைப்புத்தான். அதற்கு ஏன் இன்னொரு மறைப்பு என்பது எனக்கு விளங்கவில்லை. மேற்கிலிருந்து வரும் மழை அங்கே மேலிருந்து விழாது; படுத்தபடி வந்து சுவரில் அறையும். அதனால் மேற்குச் சுவருக்கு மட்டும் மீன் செதில்போல் தகடுகளை அடுக்கிப் போர்த்துவார்கள். சரி, மழையைத் தடுக்கிறார்கள் என்று ஒருவாறு புரிந்துகொண்டால், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து விட்டு, அதன் அடியையும் உச்சியையும் காற்றுப் போகத் திறந்து வைக்கச் சொன்னார்கள். மழையைப் பூட்டிவிட்டுக் காற்றுக்குக் கதவு திறப்பது என்ன நியாயம் என்று பல மாதம் குழம்பினேன். உள்ளே கசியும் ஈரம் காயத்தான் அந்தச் சந்து என்று பிறகுதான் விளங்கியது.

மொழி அதற்குமேல். சுவரைப் போர்த்துவதற்கு அவர்கள் சொல்லும் சொல் ஃபெர்க்ளைடன். மாசி மாதம் ஒருநாள், என்னோடு படித்த ஊவே என்ற விவசாயி வீட்டுப் பையன், வியாழக்கிழமை நகரத்தில் எல்லாரும் ஃபெர்க்ளைடன் பண்ணப் போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டான். நான் சுத்தியல், ஆணிப் பை, தூக்குக்குண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா; ஆண்கள் பெண் வேடத்திலும், பெண்கள் கடற்கொள்ளைக்காரர் வேடத்திலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாறுவேடம் போடுவதற்கும் அதே சொல்தானாம். என் இடுப்பில் தொங்கிய ஆணிப் பையைப் பார்த்து, கூரைத் தொழிலாளி வேடம் பிரமாதம் என்று ஒரு கிழவி எனக்கு முத்தம் கொடுத்தாள்.

எங்கள் வகுப்பில் எனக்குத் தமிழில் பேச ஒருவர் இருந்தார். குணரத்தினம், இலங்கையில் சாவகச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கப்பலில் வந்து, பான் நகரில் ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவி, பிறகு இந்தப் பயிற்சியில் இடம் பிடித்தவர். ஊரில் மனைவியும் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். இறுதிப் பரீட்சையில் தேறினால்தான் அவருடைய விசா நீளும். நீண்டால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என் தமிழில் பாதி அவருக்குச் சிரிப்பாக இருக்கும், அவருடைய தமிழில் பாதி எனக்குப் பாட்டாக இருக்கும்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மைஸ்டர் லோமான். மைஸ்டர் என்றால் அந்தத் தொழிலில் பட்டம் பெற்று மற்றவர்களைப் பழக்க உரிமை உள்ளவர். நெட்டையான ஆள், ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். அவர் பாராட்டியதை நான் கேட்டதில்லை, திட்டியதும் குறைவு. நாம் அடித்த தகட்டின்மேல் விரல் முட்டியால் தட்டுவார். சத்தம் பிடித்திருந்தால் அடுத்த தகட்டுக்குப் போவார். பிடிக்காவிட்டால் அங்கேயே நிற்பார். நாம் கழற்றும்வரை நிற்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. கழற்றிய பிறகு அடியில் ஆணி கோணியிருப்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கூடத்தின் முற்றத்தில் ஒரு பயிற்சி வீடு நின்றது. கதவு உண்டு, சன்னல் உண்டு, குடியிருக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு வகுப்பும் அதற்குப் போர்த்தும், பரீட்சை முடிந்ததும் அடுத்த வகுப்பு வந்து உரிக்கும். நாங்கள் உரித்துத் தொடங்கினோம். முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சுவரில் நெட்டு மரச் சட்டங்களை அடிக்க வேண்டும். சுவர் எத்தனை கோணலாக இருந்தாலும் சட்டங்கள் ஒரே நேராக நிற்க வேண்டும். அதற்காக அடியில் மரச் சீவல்களைச் சொருகுவோம். அதன்மேல் குறுக்குச் சட்டங்கள். அடியில் எலியும் குருவியும் புகாதபடி துளையிட்ட தகரம். பிறகு கீழிருந்து மேலாகத் தகடுகள். ஒன்றின் கழுத்தை அடுத்தது மூட வேண்டும்; மூடும் விளிம்பு காற்று வரும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும். ஆணியை இறுக்கி அறையக் கூடாது. தகடு ஆணியில் தொங்க வேண்டும், சட்டை ஆணியில் தொங்குவதுபோல. இறுக்கினால் முதல் பனியிலேயே விண்டுவிடும். இதையெல்லாம் லோமான் பேசாமல் செய்து காட்டினார்; நாங்கள் பேசாமல் செய்து பழகினோம்.

ஒன்றை மட்டும் அவர் எங்களுக்குப் பழக்கவில்லை. தகடு வெட்டுவதை.

சன்னல் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் தகட்டை அளவுக்கு வெட்டியாக வேண்டும். முற்றத்தின் கோடியில், கொட்டகைக்குப் பின்னால், நீண்ட கைப்பிடி வைத்த பெரிய கத்தரி ஒன்று மேடையில் பூட்டியிருந்தது. கொட்டகைக்கு இந்தப் பக்கம் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். நாங்கள் அளந்து, பென்சிலால் குறித்து, தகட்டைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவர் எடுத்துப் போவார். வாளித் தண்ணீரில் முக்கி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று வெட்டுவார். திரும்பி வந்து காலடியில் வைப்பார். குறித்த அளவு தப்பாக இருந்தால் வெட்டியதும் தப்பாகவே வரும். அதையும் பேசாமல் வைப்பார். வேலை முடிந்து போகும்போது வெட்டும்போது போட்டிருந்த மேல்சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றித் தொங்கவிட்டு, கழுத்துவரை கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். தகடு வீணாகும் என்ற கஞ்சத்தனம் என்றான் ஊவே. அவருக்குச் சுத்தப் பைத்தியம், குப்பை விழுவதைப் பொறுக்க மாட்டார் என்றார் இன்னொருவர். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. முற்றத்தை நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவ வைப்பார், துடைப்பத்தைத் தொட விடமாட்டார். குணம் அண்ணன் மட்டும் வேறு காரணம் சொன்னார். "எங்கட கையில குடுத்தா உடைச்சுப் போடுவம் எண்டு நினைக்கிறான் தம்பி. கறுத்தக் கை எல்லே." ஊவேயின் கை வெள்ளைதானே, அவனையும் விடவில்லையே என்று நான் சொன்னேன். அவனுக்கு மாமன் கடையில் வெட்டிப் பழக இடம் இருக்கிறது, நமக்கு எங்கே இருக்கிறது என்றார்.

பரீட்சையில் சன்னல் ஓரம் கட்டாயம் வரும். அளப்பதும் வெட்டுவதும் பொருத்துவதும் அவரவரே செய்ய வேண்டும். குணம் அண்ணன் இரண்டு முறை போய்க் கேட்டார். முதல் முறை லோமான் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் முறை, பரீட்சைக்கு முந்தைய வாரம் காட்டித் தருகிறேன், ஒரு வாரம் போதும் என்றார். ஒரு வாரத்தில் வருகிற கையா அது என்று அண்ணன் இரவெல்லாம் புலம்பினார்.

அந்த இலையுதிர்காலத்தில், படிப்பின் ஒரு பகுதியாக, மேட்டில் உண்மையான ஒரு வீட்டின் மேற்குச் சுவர் எங்களுக்கு வந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு ஆனெட் என்று ஒரு சின்னப் பெண். எங்கள் இரண்டு பேர் நிறத்தையும் பார்த்துவிட்டு முதல் நாள் அம்மாவின் பாவாடைக்குள் ஒளிந்தாள். இரண்டாம் நாள் குணம் அண்ணனின் ஆணிகளை எண்ணிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அவருக்கும் அவளைக் கண்டால் முகமே மாறிவிடும். தன் மகளும் இந்த உயரம்தான் இருப்பாள் என்று கையால் காட்டுவார். பிறகு, வளர்ந்திருப்பாள் என்று கையைக் கொஞ்சம் உயர்த்துவார்.

ஒருநாள் லோமான் சன்னல் அடிக்கட்டைக்கான தகரம் வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். அதே வீட்டில் கூரை வேலை செய்த தச்சர்களிடம் மின்சாரத்தில் சுழலும் வெட்டுச் சக்கரம் ஒன்று இருந்தது. குணம் அண்ணன் அதை இரவல் வாங்கினார். நான் சாரத்தின் மேல் தட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே சக்கரம் அலறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வெள்ளைப் புகை. புகைக்குள் அவர் தகடு தகடாக வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நல்ல வெட்டு, ஓரம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார். புருவமும் மீசையும் வெளுத்துக் கிழவரைப்போல் இருந்தார்.

சக்கரத்தை நிறுத்தியபோது கருங்கல் பாவிய நடைபாதையில் மாவுபோல் தூள் குவிந்து கிடந்தது. ஆனெட் வந்து அதை அளைந்தாள். அண்ணனுக்கு என்ன நினைவு வந்ததோ, குந்தி உட்கார்ந்து, ஒரு கிள்ளு எடுத்து, விரலிடுக்கில் விட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினார். கறுப்புக் கல்லில் வெள்ளைப் புள்ளிகள். புள்ளிகளைச் சுற்றி இழை. நான் ஆணி அடிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடு விட்டு வந்த பிறகு அன்றுதான் ஒரு கோலத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தையும் கை நிறைய அள்ளி, அவர் செய்வதைப்போலவே இழுத்து, மிச்சத்தை மேலே ஊதிவிட்டு, பனி பெய்கிறது என்று கைகொட்டினாள்.

லோமானின் வண்டி வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குழாயைத் திறந்து, உடுப்போடு, தலையோடு, அந்தக் குளிரில் நனைத்தார். அவள் வீறிட்டாள். பிறகு அதே குழாயை அண்ணனின் பக்கம் திருப்பினார். முகத்தில், நெஞ்சில், கையில். பிறகு தரையில். கோலம் கரைந்து கல்லிடுக்கில் ஓடியது. அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்: "டிரெக்."

டிரெக் என்றால் அழுக்கு. கீழ்த்தரமான ஒன்றைச் சொல்லவும் அதையே சொல்வார்கள்.

நான் மேலே நின்றேன். எனக்குத் தெரிந்தது மூன்று தலைகளின் உச்சி மட்டுமே. அவர் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கார அம்மாள் ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்கு மூளை கலங்கிவிட்டதா, என் குழந்தைக்குச் சளி பிடித்தால் யார் பொறுப்பு என்று கத்தினாள். லோமான் அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், தலையை இன்னொரு முறை அலசுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்ட அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

குணம் அண்ணன் நனைந்தபடியே பேருந்தில் வந்தார். அறைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "என்னை ஊத்தை எண்டு சொன்னவன் தம்பி. என்ர பிள்ளை போடுற கோலத்தை நான் போட்டனான். அதைப் பாத்துத்தான் சொன்னவன்." தூளைச் சொல்லியிருக்கலாம் அண்ணே என்றேன். "தூளுக்கு ஏன் என்ர முகத்தில தண்ணி அடிக்கிறான்?" என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு முறையீடுகள் போயின. ஒன்று அந்தத் தாயுடையது, ஒன்று அண்ணனுடையது. கூடத்தின் தலைவர் எங்களை அவர் அறைக்கு அழைத்தார். அண்ணன் எழுதிப் பாடமாக்கி வந்த ஜெர்மனில் நடுக்கமில்லாமல் பேசினார்: வேலை கற்க வந்தவர்களுக்கு வேலையை மறைத்தார், கேட்டபோது அலட்சியப்படுத்தினார், கடைசியில் அழுக்கு என்றார். தலைவர் லோமானைப் பார்த்து, மாணவர்களை ஏன் வெட்ட விடவில்லை என்று கேட்டார். லோமான் சன்னலைப் பார்த்தபடி, "அந்தத் தூள்" என்றார். தூள் இல்லாத கட்டட வேலை எங்கே இருக்கிறது என்றார் தலைவர். இது வேறு தூள் என்றார் லோமான். அப்படி எங்கே சொல்லியிருக்கிறது, நாடு முழுக்க இதைத்தானே அடிக்கிறார்கள், பள்ளிக்கூடங்களுக்கே அடிக்கிறார்களே என்று தலைவர் கேட்டார். அதற்குமேல் லோமான் பேசவில்லை. தலைவர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் ஏதோ தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாக்கியம் என்ன என்றுதான் தெரியவில்லை.

பிறகு தலைவர் என்னிடம் திரும்பி, அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். குழந்தை என்ன தப்புச் செய்தாள் என்று கேட்டார். விளையாடிக்கொண்டிருந்தாள் என்றேன்.

லோமானைக் கற்பிக்கும் வேலையிலிருந்து எடுத்துச் சாமான் கிடங்குக்குப் போட்டார்கள். அண்ணன் என்னோடு சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரியாது என்று நான் சொன்னது அவருக்குக் குத்தியிருந்தது. எனக்கும் மனம் சரியில்லை. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எந்தப் பக்கம் சாய்த்துச் சொல்வது?

புதிதாக வந்தவர் பெக்கர். சிரித்த முகம், தோளில் கை போட்டுப் பேசுவார். வந்த அன்றே சுண்ணாம்புக் கோட்டை அழித்து, ஆளுக்கொரு வெட்டுச் சக்கரம் கொடுத்தார். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சாயங்காலம் உடுப்பை உதறினால் அறை முழுக்கத் தூள் பறக்கும். எல்லாருக்கும் பெக்கரைப் பிடித்தது, எனக்கும் பிடித்தது. கிடங்குக்கு ஆணி வாங்கப் போனால் லோமான் எடுத்துத் தருவார். என் தோளிலிருக்கும் தூளைப் பார்ப்பார். ஒருமுறை ஈரத் துணி ஒன்றை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். எதற்கென்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரீட்சையில் குணம் அண்ணன் முதலாவதாகத் தேறினார். அவருடைய சன்னல் ஓரத்தில் தாள் நுழையக்கூட இடைவெளி இல்லை. ஹனோவரில் வேலை கிடைத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டார். பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு வரவேற்க நானும் போனேன். மகள் அவரை அடையாளம் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். ஊரில் தொடங்குவதாக இருந்த தொழிற்பள்ளி தொடங்கவே இல்லை. நான் அதே கூடத்தில் உதவி ஆசிரியனாகத் தங்கிவிட்டேன். லோமான் உடல்நலம் கெட்டு, ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் கூடத்துக்குத் தொழில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். மாணவர்களை முற்றத்தில் நிறுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று செய்து காட்டினார். தகட்டைத் தண்ணீரில் நனைத்தார். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். சக்கரத்தைத் தொடாமல் கத்தரியை எடுத்தார். துடைப்பம் கூடாது, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்றார். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள் என்றார். இந்தத் தூள் நெஞ்சில் தங்கினால் இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும் என்றும் சொன்னார். மாணவர்கள் சிலர் சிரித்தார்கள். ஒவ்வொரு அசைவும் லோமானுடையது.

அன்று மாலையே ஹனோவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சனிக்கிழமை வாறன்" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

லோமானின் வீடு நதியோரச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. அவர் மனைவி கதவைத் திறந்தார். லோமான் சாய்வு நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவில் இருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் மூச்சை எங்கிருந்தோ இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. எங்களை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. அண்ணன் வழி நெடுக ஒரே கேள்வியைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அன்று நீங்கள் சொன்னது என்னையா, தூளையா? நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை. தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

லோமான்தான் முதலில் பேசினார். "அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள்?"

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பக்கம் அதன்பிறகு நாங்கள் போனதே இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் அவர் மனைவி சொன்னதைக் கேட்டோம். லோமானின் அண்ணனும் லோமானும் இளவயதில், போருக்கு முன்பு, ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்கும் ஓர் ஆலையில் இருந்தார்களாம். அந்த அண்ணன் அங்கேயே மூச்சு முட்டி இறந்துபோனான். அதை லோமான் வெளியே பேசப் போய், அந்தக் காலத்தில் பேசியவர்களுக்கு நடந்தது இவருக்கும் கொஞ்சம் நடந்திருக்கிறது. தோள் தாழ்ந்தது அப்போது வாங்கிய அடியில்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும், தன்னிடமும்கூட, பேசினதில்லை என்றார். எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. நான் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பேருந்து பிடித்து அந்த மேட்டு வீட்டுக்குப் போனோம். எங்கள் தகடுகள் பாசி பிடித்து அப்படியே இருந்தன. நெட்டையாக ஒரு பெண் கதவைத் திறந்தாள். விளையாடிவிட்டு வந்தவள்போல முகம் சிவந்திருந்தது. யார் வேண்டும் என்று கேட்டாள். என்ன சொல்வது என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. இந்தச் சுவருக்கு வேலை செய்தவர்கள், சும்மா பார்க்க வந்தோம் என்றேன். குணம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு, நலமா, இருமல் ஏதும் உண்டா, படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று அடுக்கினார். அவள் திகைத்துப்போய், கைப்பந்துக் குழுவில் விளையாடுகிறேன், நன்றாக இருக்கிறேன் என்றாள். எங்களை அவளுக்கு நினைவில்லை. கதவை மூடும்போது, சுவரில் ஏதாவது பழுதா என்று கேட்டாள். அடுத்த வாரம் வந்து உங்கள் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். சொன்னபடி போனேன். கூடத்துப் பிள்ளைகளை வைத்து அந்தத் தகடுகளை நனைத்து நனைத்துக் கழற்றி, மரப் பலகை அடித்துக் கொடுத்தோம். அது பிறகு.

அன்று இருட்டுவதற்குள் லோமானின் வீட்டுக்குத் திரும்பினோம். அவர் படுத்துவிட்டார், உள்ளே வர வேண்டாம் என்றார் அவர் மனைவி. வாசலில் நின்றபடியே சொன்னோம்: குழந்தை வளர்ந்துவிட்டாள், நல்ல உயரம், கைப்பந்து விளையாடுகிறாள், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் உள்ளே போனார். படுக்கையறையில் மெல்லப் பேசும் சத்தம் கேட்டது. நாங்கள் கிளம்பலாமா நிற்கலாமா என்று புரியாமல் நின்றோம்.

அந்த அம்மாள் திரும்பி வந்தார்.

"கேட்கச் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள்?"

குணம் அண்ணன் அந்த ஜெர்மன் அம்மாளிடம், தாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே தெரியாமல், "ஓம்... இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

நான் அதை ஜெர்மனில் சொன்னேன்.